கண்ணாடியில் படியும் மூச்சு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாலையில் உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். வாடகைக் காரில் ஓட்டுநரையும் சேர்த்து ஐந்து பேர். வெளியே தூறல். குளிருக்கு அஞ்சி எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டிருந்தோம். குன்னூரைத் தாண்டியதும் முதலில் பக்கக் கண்ணாடிகள் வெளுத்தன; சிறிது நேரத்தில் முகப்புக் கண்ணாடியும் வெளுத்தது. ஓட்டுநர் உள்ளங்கையால் துடைத்தார், பிறகு துணியால் துடைத்தார். துடைத்த இடம் அரை நிமிடம் தெளிந்திருந்து மீண்டும் மங்கியது. ஒரு வளைவில் எதிரே வந்த பேருந்தின் விளக்கொளி பட்டதும், கண்ணாடி முழுவதும் வெள்ளைத் திரையாகிவிட்டது. சாலை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. ஓட்டுநர் வண்டியை அப்படியே நிறுத்தினார். பேருந்து எங்களை உரசாத குறையாகக் கடந்து சென்றது.

அதன் பிறகு அவர் செய்தது எளிய செயல். தம் பக்கத்துக் கண்ணாடியையும் எங்கள் பக்கத்துக் கண்ணாடியையும் ஓர் அங்குலம் இறக்கினார். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. நாம் முணுமுணுத்தோம். "குளிரட்டும் சார், கண்ணு தெரியணும்ல" என்றார். இரண்டு மூன்று நிமிடங்களில் முகப்புக் கண்ணாடி துலங்கத் தொடங்கிவிட்டது.

பட்டம் பெற்ற நான்கு பேருக்கும் தோன்றாத தீர்வு அவருக்குத் தெரிந்திருந்தது. குளிரை உள்ளே விட்டால் பனிப்படலம் கூடத்தானே வேண்டும், எப்படிக் குறைந்தது? அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றபோது, அதற்குப் பின்னால் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருப்பதைக் கண்டோம். அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனி எங்கிருந்து வருகிறது?

தமிழில் பனி என்ற ஒரு சொல்லே புல்நுனித் துளியையும், மூடுபனியையும், உறைபனியையும், கண்ணீரையும் குறிக்கும். பளபளப்பான பரப்பில் மூச்சு படிவதையும் நம் முன்னோர் கூர்ந்து கவனித்திருக்கின்றனர். அகநானூற்றின் 71ஆம் பாடலில், மாலைப் பொழுதின் துயரால் மெல்ல மெல்ல வலிமை குன்றும் ஒரு தலைவிக்கு, கண்ணாடியில் ஊதிய ஆவி சிறிது சிறிதாகச் சுருங்கி மறைவதை உவமையாக்குகிறார் அந்தியிளங்கீரனார். படிந்த ஆவி ஏன் மறைகிறது என்பது புலவருக்கு வேண்டாத கேள்வி. அது ஏன் படிகிறது என்பதை ஆராயத் தலைப்பட்டவர்கள் ஐரோப்பிய மருத்துவர்கள் இருவர்.

முதலாமவர் பிரான்சின் மோன்பெல்லியே நகரைச் சேர்ந்த ஷார்ல் லெ ருவா. ஈரக்காற்று நிறைந்த ஒரு கண்ணாடிக் குடுவையை மூடிக் குளிர்வித்தால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அதன் உட்புறத்தில் துளிகள் தோன்றுகின்றன. மீண்டும் சூடேற்றினால் அவை மறைந்துவிடுகின்றன. 1751ஆம் ஆண்டில் அவர் விளக்கிய இந்தக் கருத்தே இன்று நாம் பனிநிலை என்று வழங்கும் கருத்தின் தொடக்கம். காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது என்று அவர் கண்டார்.

இரண்டாமவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்து இலண்டனில் மருத்துவராகப் பணியாற்றியவர். பனி வானத்திலிருந்து விழுகிறதா, மண்ணிலிருந்து எழுகிறதா என்ற பழைய வழக்கைத் தீர்க்க விரும்பினார். இலண்டனை அடுத்த சர்ரே பகுதித் தோட்டம் ஒன்றில், ஒரு கிராமுக்கும் குறைந்த எடையுள்ள கம்பளிப் பஞ்சுகளை இரவில் பல்வேறு இடங்களில் வைத்து, அவை எவ்வளவு எடை கூடின என்று நிறுத்துப் பார்த்தார். கூடவே வெப்பமானிகளையும் வைத்தார். உடல்நலம் குன்றியிருந்த நிலையில், குளிரில் நின்று செய்த சோதனைகள் இவை. தெளிந்த வானத்தின் கீழ், பொருள்கள் தம் வெப்பத்தை வெளியே கதிர்வீசிச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. அந்தக் குளிர்ந்த பரப்பைத் தொடும் காற்று தன்னால் தாங்க முடியாத நீரை அதன்மீது விட்டுச் செல்கிறது. குளிர்ச்சி முன்னது, பனி பின்னது. 1814ஆம் ஆண்டில் வெளியான அவருடைய பனி பற்றிய நூல் ரம்ஃபோர்டு பதக்கத்தைப் பெற்றது. மூன்றாண்டுகளில் அவர் காலமானார்.

இந்த இருவரும் காரைக் கண்டதில்லை. ஆயினும் குன்னூர்ச் சாலையில் நமக்கு நேர்ந்ததன் விளக்கம் முழுவதும் இவர்களிடம் இருக்கிறது.

மூடிய கூண்டின் விலை

தொடக்கக் காலக் கார்களில் இச்சிக்கல் ஏறத்தாழ இல்லை. அவை திறந்த வண்டிகள். ஓட்டுபவர் மழையிலும் தூசியிலும் நனைந்தும் நரைத்தும் சென்றாரேயன்றி அவருடைய மூச்சு அடைபட இடமில்லை. அன்றைய தொல்லை கண்ணாடியின் வெளிப்புறத்தில் இருந்தது. அதற்குத் தீர்வு தந்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன். நியூயார்க் நகருக்குக் குளிர்காலத்தில் சென்றிருந்தபோது, பனிமழையில் முன்பக்கம் தெரியாமல், கண்ணாடியைத் திறந்து வைத்துக் குளிரில் நடுங்கியபடி ஓட்டும் டிராம் ஓட்டுநரைக் கண்டார். உள்ளிருந்தபடியே ஒரு கைப்பிடியால் இயக்கக்கூடிய துடைப்பானை வடிவமைத்து, 1903ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் காப்புரிமை பெற்றார். அதனை வாங்க அன்று எவரும் முன்வரவில்லை. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு துடைப்பான் எல்லாக் கார்களிலும் இடம்பெற்றது. அவருக்குக் காசு ஏதும் கிட்டவில்லை. 1953ஆம் ஆண்டில் மறைந்த அவருக்கு, 2011ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழவையில் இடம் கிடைத்தது.

அதற்குள் கார்கள் மாறிவிட்டன. 1919ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவான கார்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே மூடிய கூண்டு உடையது. 1922ஆம் ஆண்டில் எஸ்ஸெக்ஸ் நிறுவனம் மூடிய காரைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். 1927ஆம் ஆண்டில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை மூடிய கார்களாகிவிட்டன. மழையும் குளிரும் வெளியே நின்றன. ஆனால் மூச்சு உள்ளே சிறைப்பட்டது.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒருவர் மூச்சின் வழியாக மட்டும் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 15 கிராம் நீரை வெளிவிடுகிறார். ஐந்து பேருக்கு 75 கிராம். 10 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 9.4 கிராம் நீராவியைத்தான் தாங்கும். சிறிய காரின் உள்ளிடம் ஏறத்தாழ மூன்று கனமீட்டர் என்று கொண்டால், குளிர்ந்த கண்ணாடியின் அருகே 28 கிராமுக்கு மேல் இடமில்லை. அரை மணி நேரத்துக்குள் எல்லை கடந்துவிடும். மிஞ்சிய நீர் கண்ணாடியில் படியாமல் எங்கே போகும்? நனைந்த குடை, ஈரச் செருப்பு, தலைத்துண்டு ஆகியவற்றின் பங்கை நாம் இன்னும் சேர்க்கவில்லை.

வெப்பமா, காற்றா?

1930களில் பலரும் பலவாறு முயன்றனர். கண்ணாடியின்மேல் காற்றை வீசும் சிறு மின்விசிறிகள் வந்தன. மின்கம்பி பதித்த சட்டங்களை ரப்பர்க் கிண்ணங்களால் கண்ணாடியில் ஒட்டிச் சூடேற்றினர். பக்கக் கண்ணாடிகளின் உட்புறத்தில் மற்றொரு ஒளிபுகு தகட்டை ஒட்டி, இரண்டுக்கும் நடுவே அசையாத காற்றை அடைத்தனர். உள்தகடு குளிராததால் அதன்மேல் பனி படியவில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் சுடுநீரைக் கொண்டே உள்ளே சூடேற்றும் கருவிகளும் பரவின.

இவற்றில் ஒரு குறை இருந்தது. பெரும்பாலான சூடேற்றிகள் உள்ளிருந்த காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றின. சூடான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமந்துகொண்டு திரிந்து, குளிர்ந்த கண்ணாடியைக் கண்ட இடத்தில் இறக்கி வைத்தது. இதற்கு மாறான வழியைப் பெரிய அளவில் கொண்டுவந்தது நாஷ் நிறுவனம். 1938ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் அது அறிமுகப்படுத்திய அமைப்பு, வெளிக்காற்றை வடிகட்டிச் சூடேற்றி உள்ளே செலுத்தியது. உள்ளழுத்தம் சற்றே கூடியதால் பழைய ஈரக்காற்று இடுக்குகள் வழியே வெளியேறியது. 'வெதர் ஐ' என்று பெயரிடப்பட்ட இவ்வமைப்பின் அடிப்படைக் கருத்தையே இன்றைய கார்களும் பின்பற்றுகின்றன.

நம் ஓட்டுநர் செய்த மாயத்தின் மறைபொருளும் இதுவே. 10 பாகைக் காற்று ஈரத்தால் முற்றும் நிறைந்திருந்தாலும் அதிலுள்ள நீர் 9.4 கிராம்தான். அதே காற்று உள்ளே வந்து 20 பாகைக்குச் சூடேறினால் அதன் கொள்ளளவு 17.3 கிராமாக உயர்கிறது. ஆகவே வெளியே தூறிக்கொண்டிருந்தாலும் வெளிக்காற்று உள்ளே வந்ததும் உலர்காற்றாகிவிடுகிறது. கண்ணாடியிலிருந்த துளிகளை அது உறிஞ்சிக்கொண்டு செல்கிறது.

குளிரூட்டும் கருவி வேறொரு கதவைத் திறந்தது. பேக்கார்டு நிறுவனம் தன் 1940ஆம் ஆண்டு மாதிரியில் அதனை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொருள் வைக்கும் பெட்டியில் பெரும்பங்கை அதுவே விழுங்கியது. குளிர்ந்த குழாய்களின்மேல் செல்லும் காற்று தன் ஈரத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. அந்த உலர்காற்றைப் பின்னர்ச் சூடேற்றிக் கண்ணாடிமேல் வீசலாம். குளிர்நாளில் ஏசியைப் போடுவானேன் என்று கேட்போருக்கு விடை இதுதான்: ஏசி இங்கே குளிர்விக்க அன்று, உலர்த்தவே.

அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு ஜனவரி முதல், பயணியர் கார்களின் முகப்புக் கண்ணாடிக்குப் பனிநீக்கும் அமைப்பு கட்டாயமாயிற்று. ஐரோப்பியச் சமூகம் 1977 டிசம்பரில் இதற்கான நெறிமுறையை ஏற்றது. வசதி என்று கருதப்பட்டது உயிர்காப்பு என்று சட்டத்தால் ஏற்கப்பட்டது.

விண்வெளியில் ஒரு மங்கல்

இச்சிக்கல் மண்ணோடு நிற்கவில்லை. 1966ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், ஜெமினி 9ஏ விண்கலத்திலிருந்து வெளியே வந்த யூஜின் செர்னான் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக விண்வெளியில் போராடினார். கடும் உழைப்பால் பெருகிய வியர்வையையும் மூச்சையும் அவருடைய உடைக்குள் இருந்த அமைப்பால் சமாளிக்க முடியவில்லை. தலைக்கவசத்தின் முகத்தகடு மங்கிவிட்டது. துடைப்பதற்குக் கையை உள்ளே கொண்டுபோக முடியாது. மூக்கு நுனியால் தேய்த்து ஒரு சிறு துளை அளவுக்கு வழி செய்துகொண்டு வெளியே பார்த்தார். சோதிக்க வேண்டிய முதுகுப்பொறியைச் சோதிக்காமலேயே கலத்துக்குள் திரும்பினார்.

பின்னர் நாசா உருவாக்கிய பூச்சின் மூலப்பொருள்கள் வியப்பளிப்பவை: திரவச் சோப்பு, தூய நீர், தீப்பற்றாத ஒரு வகை எண்ணெய். சோப்பு ஈரத்தைத் தடுப்பதில்லை. நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. அதனால் நீர் தனித்தனித் துளிகளாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. ஒளியைச் சிதறடித்து நம் பார்வையைக் கெடுப்பவை துளிகளே. சீரான படலத்தின் வழியே பார்வை தடையின்றிச் செல்லும். சோப்பு நீரையோ, வெட்டிய உருளைக்கிழங்கையோ கண்ணாடியில் தேய்க்கும் பழக்கத்தின் பின்னால் இருப்பதும் இவ்வகைக் கருத்தே. 1997ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள், டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய கண்ணாடி புறஊதா ஒளி பட்டதும் நீரைப் படலமாக விரித்துவிடுகிறது என்று அறிவித்தனர். கார்களின் பக்கவாட்டு ஆடிகளுக்கு அது பயன்பட்டது.

நம் ஊருக்கு வருவோம்

கடற்கரை நகரங்களில் வழக்கு தலைகீழ். சென்னையின் புழுக்கமான இரவில் ஏசியை உச்சத்தில் வைத்து ஓட்டினால், கண்ணாடி வெளிக்காற்றின் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்து, படலம் வெளிப்புறத்தில் படிகிறது. உள்ளே எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. துடைப்பானை ஓடவிட்டு, குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, உள்வெப்பத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். எந்தப் பக்கம் மங்கியிருக்கிறது என்று விரலால் தொட்டறிவதே முதல் வேலை. மலைப்பாதையில் உட்புறம் மங்கினால் உட்சுழற்சிப் பொத்தானை அணைத்து வெளிக்காற்றை விட வேண்டும். ஏசியும் வெப்பமும் சேர்ந்து இயங்கட்டும். அவ்வசதி இல்லாத பழைய வண்டியானால் கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கினால் போதும். உட்கண்ணாடியில் அழுக்கும் எண்ணெய்ப்பசையும் சேராமல் காப்பதும் நன்று. துளிகள் அவற்றைப் பற்றிக்கொண்டே எளிதில் அமர்கின்றன.

லெ ருவாவும் வெல்ஸும் எழுதிவைத்தது நூலகங்களில் இருக்கிறது. நாஷ் நிறுவனம் 1954ஆம் ஆண்டில் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து தன் தனிவாழ்வை முடித்துக்கொண்டது. அந்த அறிவோ, அவர்கள் பெயரையே கேட்டிராத ஒரு மலைப்பாதை ஓட்டுநரின் கையில் உயிரோடு இருந்தது. நாமோ, மூச்சு படிந்த கண்ணாடி பற்றிய சங்கப்பாடலை வகுப்பறையில் ஆண்டுதோறும் விளக்கிக்கொண்டு, நம் மூச்சு நம் பார்வையை மறைத்தபோது செய்வதறியாமல் அமர்ந்திருந்தோம். அந்தப் பாடலை நடத்தும்போதெல்லாம் இப்போது அந்த ஓட்டுநரைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறோம். அவர்களில் சிலரேனும் ஒருநாள் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவார்கள் அல்லவா?