குற்றாலத்து வாசம்

ஆனி பிறந்து, திரிகூட மலையின்மீது மேகம் கவிந்து, தென்காசித் தெருக்களிலே சாரல் விழத் தொடங்கியதும் அருவியில் நீராடவென்று ரயிலேறி வந்த ஜனத்திரளின் நடுவே, நீராடலை இரண்டாம் பக்ஷமாகவும் ஒரு பெரியவருடைய வாய்மொழியைக் கேட்பதையே முதல் காரியமாகவும் கொண்டு வந்த சிலரும் ஒரு காலத்தில் இருந்தார்கள். அந்தப் பெரியவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார்.

வக்கீல் படிப்புப் படித்துச் சட்டசபையிலும் அறநிலைய வாரியத்திலும் பதவி வகித்த அவர், 1920-களில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தம் வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்களைக் கூட்டிக் கவிதை பேசினார். வட்டத்தொட்டி என்ற பெயர் அப்படி வந்தது. பின்னாளில் அவர் குற்றாலவாசியானபோது அந்தச் சபையும் மலையடிவாரத்துக்கே வந்து சேர்ந்தது.

பந்தாட்டத்துக்கென்று கல்லூரிகள் நடத்தும் பயிற்சி முகாமுக்குப் பிள்ளையை அனுப்பினால் பலன் உண்டா என்று இக்காலத்துப் பெற்றோர் விசாரிக்கிறார்களே, அந்த நியாயமான விசாரணையைக் குற்றாலத்து வாசத்தின்மீதும் செலுத்திப் பார்க்கலாம். அங்கே கட்டணம் இல்லை, பாடத்திட்டம் இல்லை, முடிவில் கையில் கொடுக்கும் பத்திரமும் இல்லை. வந்தவர்களுக்கு வயிறார விருந்து உண்டு. அதன்பின் ரசிகமணி, கம்பனில் ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டு, சந்தி பிரித்து, பொருள் நிற்கும் இடத்தில் தாமும் நின்று, உணர்ச்சிக்கு ஏற்பக் குரலைத் தாழ்த்தியும் உயர்த்தியும், கேட்பவன் உள்ளத்தில் அது தானே விளங்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லுவார். உரையாசிரியரின் துணையில்லாமல் ஒரு பாட்டு தனக்கும் எட்டும் என்று கேட்பவன் அறிந்துகொள்ளும் அந்தக் கணமே அங்கே கிடைத்த பயிற்சி என்பது என் துணிபு.

எல்லோருக்கும் அது ஏற்றது என்று சொல்லமாட்டேன். தம் செவிக்கு ஒவ்வாத செய்யுட்களையெல்லாம் இடைச்செருகல் என்று ஒதுக்கிவிடுவார். பண்டிதர்கள் அதற்காக அவரைக் கடிந்ததில் நியாயம் இருந்தது. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் ஆராய விரும்பிய மாணவன் உ. வே. சாமிநாதையருடைய பதிப்புக்களை முன்வைத்து உட்கார்ந்திருப்பதே அவனுக்கு உத்தமமாயிருந்திருக்கும்.

ராஜாஜியும் கல்கியும் கீர்த்தி அடைந்த பிறகு நண்பர்களாக வந்தவர்கள். அவர்களைக்கொண்டு பலனை அளப்பது முறையன்று; அந்தச் சபையில் கேட்டுப் பயின்றவர்களைக்கொண்டே அளக்கவேண்டும். எஸ். மகராஜன் நீதிபதியாக உயர்ந்த பின்பும் கம்பனை விடாமல், 1972-இல் சாகித்திய அகாதெமிக்காக ஆங்கிலத்தில் அவனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அரசாங்க உத்தியோகத்தில் ஊர் ஊராக மாறிய பாஸ்கரத் தொண்டைமான், தஞ்சை ஜில்லாவில் கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளைத் திரட்டி 1951-இல் அங்கே கலைக்கூடம் அமையக் காரணமானார். பேச்சுத் தமிழின் அழகை ரசிகமணி கொண்டாடக் கேட்டவர்களில் இடைசெவல் கி. ராஜநாராயணனும் ஒருவர். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத அந்தக் கரிசல்காட்டு விவசாயி, தம் ஊர்ச் சம்சாரிகள் பேசும் பேச்சிலேயே கதை எழுதத் துணிந்தார். 1991-இல் அவருடைய 'கோபல்லபுரத்து மக்கள்' அகாதெமிப் பரிசு பெற்றபோது, ரசிகமணி மறைந்து முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.