சடாயுவை மனிதன் கண்டானா?

அல்சூர் ஏரிக்கரையில் கருடன் வட்டமிடும் காட்சி புதியதன்று. செந்நிற இறகும் வெள்ளைத் தலையும் கொண்ட அப்பறவையைக் கண்டதும் நம் மூதாட்டியர் கன்னத்தில் போட்டுக்கொள்கின்றனர். உடன் வரும் பேரப்பிள்ளையின் எண்ணமோ வேறு. திரைப்படத்தில் வீட்டுக் கூரையளவு சிறகு விரித்துப் பறந்த பழங்காலத்து விலங்கு அவன் நினைவுக்கு வருகிறது. “பாட்டி, சடாயு என்பது அந்தப் பறக்கும் பல்லிதானா?” என்று கேட்கிறான். பாட்டி விழிக்கிறாள். ஆனால் வயது வந்தோர் சிலர், “ஆம், அதுவேதான். நம் முன்னோர் நேரில் கண்டு எழுதிவைத்தனர்” என்று உறுதியாகவே விடை கூறிவிடுகின்றனர்.

அவ்விடை சரியா என்று இன்று பார்ப்போம்.

அவர்கள் கூறுவதில் ஒரு நயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் இராமன் சடாயுவுக்கு ஈமக்கடன் செய்தான் என்பது தலபுராணம். வைத்தீசுவரன் கோயில் எனப்படும் புள்ளிருக்குவேளூரில் சடாயு குண்டம் என்றே ஓரிடம் இருக்கிறது. யானையையும் தூக்கிச் செல்லும் அண்டரண்டப் பட்சியைப் பற்றி நாம் கதைகள் கேட்டிருக்கிறோம். நாம் குடியேறி வாழும் இக்கன்னட நாட்டிலோ, இருதலைக் கண்டபேருண்டம் அரசின் சின்னமாகவே விளங்குகிறது. இத்தனை பேருருப் பறவைகளைக் கண்ணால் காணாமலா மக்கள் கற்பனை செய்திருப்பர் என்பது அவர்கள் வாதம்.

அல்சூர் சோமேசுவரர் ஆலயத்தில் இராவணன் கயிலையைத் தூக்கும் சிற்பம் இருக்கிறது. அதைக் கொண்டு, மலை தூக்கும் மனிதர் வாழ்ந்தனர் என்று எவரும் சாதிப்பதில்லை. சிற்பி செதுக்கியது பக்தியின் ஆற்றலை. பறவையின் செய்தியில் மட்டும் நாம் ஏன் வேறு அளவுகோலை எடுக்கிறோம்?

இனி, அப்பறக்கும் பல்லி எத்தகையது என்று காண்போம். அறிஞர் அதனை டெரோசார் என்பர். ஐரோப்பாவில் கிடைத்த அதன் எலும்புக்கூட்டை 1784இல் கொல்லினி என்பவர் முதன்முதல் விவரித்தார். அவருக்கே அது இன்ன விலங்கு என்று விளங்கவில்லை. பிரான்சு நாட்டின் குவியே, 1801இல், அது பறக்கும் ஊர்வன இனம் என்று தெளிந்து கூறினார். அதன் நான்காம் விரல் மிக நீண்டு வளர்ந்து, தோலாலான சிறகைத் தாங்கி நின்றது. இறகுச் சிறகு கொண்ட பறவைகளுக்கு அது மூதாதை அன்று. டைனோசாரும் அன்று, டைனோசாருக்கு நெருங்கிய உறவு. அவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1971இல் கண்டெடுக்கப்பெற்ற குவெட்சால்கோட்லஸ். அதன் சிறகு விரிப்பு 10 மீட்டருக்கும் மேல் என்று கணிக்கின்றனர்.

நம் நாட்டில் அதன் சுவடு உண்டா எனின், கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா பாறைகளில் கிடைத்த ஒரு சிறு துண்டை டெரோசாரின் எச்சம் என்று 1974இல் எஸ். எல். ஜெயின் அறிவித்தார். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய நிலவியல் கழகத்தின் இதழில்தான் அக்கட்டுரை வெளிவந்தது. பின்வந்தோர் அதன் இனத்தைப் பற்றி ஐயம் எழுப்பியுள்ளனர். பெங்களூர் மண்ணைத் தோண்டினால் அதுவும் கிடையாது. லால்பாக் தோட்டத்தில் நாம் ஏறி அமரும் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழமையுடையது. அல்சூருக்கு அடியிலும் அவ்வகைப் பாறையே பரந்து கிடக்கிறது. எலும்புள்ள உயிர் எதுவும் தோன்றுமுன் இறுகிய கல் அது.

ஆகவே கேள்வி காலத்தைப் பற்றியது. டெரோசார்கள் 20 கோடி ஆண்டுகளுக்கும் முன் தோன்றி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்தன. இவ்வெண்களைச் சொன்ன மாத்திரத்தில் மனம் பற்றிக்கொள்வதில்லை. நமக்கு நன்கு பழக்கமான ஒரு வழியின்மேல் அவற்றை அளந்து பார்க்கலாம்.

அல்சூரிலிருந்து புறப்படும் பழைய சென்னைச் சாலையை நாம் அனைவரும் அறிவோம். சென்னை வரை அதன் நீளம் ஏறக்குறைய 330 கிலோமீட்டர் என்று கொள்வோம். அல்சூர் முனை இந்நாள். சென்னை முனை, கடைசி டெரோசார் மறைந்த நாள். அவ்வாறாயின் ஒரு கிலோமீட்டர் 2 இலட்சம் ஆண்டு. ஒரு மீட்டர் 200 ஆண்டு.

இனி நடப்போம். 1809இல் இங்குப் படைமுகாம் அமைந்தபின், அதனையொட்டிச் சிப்பாய்களாகவும் வணிகராகவும் தொழிலாளராகவும் நம்மவர் வந்து பெருகிய வரலாறு முழுதும், ஒரு மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. சங்கப் புலவர் காலம் பத்து மீட்டரில் வந்துவிடுகிறது. ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்து வாயிலில் தொடங்கினால் தெருக்கூடத் தாண்டவில்லை. இன்றைய மனித இனம் தோன்றிய 3 இலட்சம் ஆண்டு, ஒன்றரைக் கிலோமீட்டர். இந்திரா நகரின் பக்கம் வந்திருக்கிறோம்.

இவ்விடத்தில் சற்று நின்று, தமிழகத்தை நினைக்க வேண்டும். 1863 மே 30ஆம் நாள் சென்னைப் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் புட் என்னும் நிலவியலார் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். பிற்காலத்தில் மைசூர் அரசின் நிலவியல் துறையை நடத்தியவரும் அவரே. அதே ஆண்டில் அவரும் அவர்தம் துணைவரும் கண்ட அத்திரம்பாக்கத்தில், சாந்தி பப்புவும் குழுவினரும் பல ஆண்டு அகழ்ந்து, அங்குள்ள கற்கருவிகள் 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011இல் வெளியிட்டனர். கல்லுக்கும் மண்ணுக்கும் முந்தியவர் என்று மேடையில் முழங்கும் நம்மவருள் எத்தனை பேர் அத்திரம்பாக்கத்தின் பெயரை அறிவர்? அந்த 15 இலட்சம் ஆண்டு நம் சாலையில் ஏழரைக் கிலோமீட்டர். கிருஷ்ணராஜபுரத்துப் பாலத்தை நெருங்குகிறோம். ஆப்பிரிக்காவில் கிடைத்துள்ள மனிதப் பேரினத்தின் மிகப் பழைய தாடை 28 இலட்சம் ஆண்டு, 14 கிலோமீட்டர். மனிதக் கிளை குரங்குக் கிளையிலிருந்து பிரிந்தது 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் என்பர். அதுவும் ஹொசகோட்டையைக் கடந்து சில கல் தொலைவுதான்.

அதன்பின் கோலார், முளுபாகல், பலமனேர், இராணிப்பேட்டை என்று சாலை நீள்கிறது. வழி முழுதும் மனிதன் இல்லை. சென்னையை அடைந்தால் பறக்கும் பல்லி இருக்கிறது. அதன் நிழலில் பதுங்கித் திரிந்த சிறு பாலூட்டிகளும் இருக்கின்றன. நம் முன்னோர் அதனைக் கண்டனர் என்று சொல்ல விரும்பினால், அச்சிறு பிராணிகளை முன்னோராகக் கொண்டு சொல்லலாம். ஆனால் அவற்றுக்குக் கதை எழுதத் தெரியாது!

மனிதன் உண்மையாகவே பெரும்பறவையோடு வாழ்ந்த இடமும் உண்டு. நியூசிலாந்தில் ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்வரை ஹாஸ்ட் கழுகு என்னும் மிகப் பெரிய கழுகு இருந்தது. மௌரி மக்களின் கதைகளில் மனிதரைத் தூக்கும் பறவை வருகிறது. அக்கழுகின் எலும்பும் அதே மண்ணில் கிடைக்கிறது. கதை, எலும்பு, மனிதன் மூன்றும் ஒரே காலத்தில் கூடுகின்றன. சடாயுவுக்கு அவ்வாறு கூடவில்லை. டெரோசாரின் எலும்பும் மனித எலும்பும் ஒரே படிவத்தில் இயல்பாக அமைந்த இடம் உலகில் எங்கும் அறியப்படவில்லை.

ஆயினும் அந்த யுகத்தின் கல்லை நாம் தொட்டு வந்திருக்கிறோம். வைணவ இல்லங்களில் பூசையில் இருக்கும் சாளக்கிராமம், நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைப்பது. அதிலுள்ள சக்கரம், டெரோசார் பறந்த நாளில் கடலில் நீந்திய அம்மோனைட் என்னும் உயிரின் சுருள் ஓடு. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டு, டைனோசார் முட்டை என்ற செய்தி நாடெங்கும் பரவியது. வல்லுநர் பார்த்து, அவை முட்டையல்ல, பழங்கடலின் படிவு திரண்டு இறுகியவை என்றனர். முட்டை இல்லையே என்று பலர் வருந்தினர். பெரம்பலூரில் கடல் இருந்தது என்ற செய்தியை வியந்தவர் குறைவு.

விடுமுறைக்குத் திருச்சிப் பக்கம் செல்லும் நேயர்கள், அதே மாவட்டத்துச் சாத்தனூருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் வெளிப்படுத்திய கல்மரம் அங்கே கிடக்கிறது. 18 மீட்டர் நீளம், ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. அது தழைத்து நின்றபோது உலகின் வானில் டெரோசார்கள் பறந்துகொண்டிருந்தன.