யூரியா: நான் வகுப்பில் சொன்ன பாதிக் கதை

வகுப்பில் பல ஆண்டுகள் நான் சொன்ன ஒன்றை இன்று திருத்த வேண்டும். கரிமப் பொருள்கள் உருவாக 'உயிர்விசை' தேவை என்ற நம்பிக்கை 1828-இல் ஒரேயடியாக வீழ்ந்தது என்பேன்.

பெர்லினில் வோலர் அம்மோனியம் சயனேட் தயாரிக்க முயன்றபோது யூரியா கிடைத்தது உண்மைதான். சிறுநீரகம் இல்லாமலே யூரியா வந்துவிட்டது என்று தன் ஆசான் பெர்சிலியஸுக்குக் கடிதமும் எழுதினார். ஆனால் அன்று சயனேட்டுக்கு மூலப்பொருளே விலங்கின் கொம்பும் இரத்தமும்தான். உயிர்விசை அதிலேயே ஒட்டியிருக்கலாமே என்று வாதிட இடமிருந்தது. 1845-இல் கோல்பே தனிமங்களில் தொடங்கிப் படிப்படியாக அசிட்டிக் அமிலம் தயாரித்தார். அதன் பிறகும் வாதம் ஓயவில்லை.

ஒரு சோதனையில் எந்த நம்பிக்கையும் சாவதில்லை. பலர் கைபட்டுத்தான் தேய்கிறது. என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்கள் மீதிக் கதையையும் சொல்லிவிடுங்கள்.