உரோமக் குடியரசும் மக்கியவெல்லியின் ஆராய்ச்சியும்

ஒரு நாடு தன் குடிகளின் சுதந்திரத்தைப் பேணிக்கொண்டே பிற நாடுகளையும் வென்று பேரரசாய் விரிதல் கூடுமோ? இத்தாலிய மறுமலர்ச்சிக்கால அரசியலறிஞர் பலரின் உள்ளத்தை ஆட்கொண்ட வினா இது. விடை தேடியோர் பண்டை உரோமின் வரலாற்றையே நாடினர். 15 ஆம் நூற்றாண்டிற் புளோரன்சு நகர அரசின் செயலாளராய் விளங்கிய லியொனார்டோ புரூணி, உரோமர் தம் சுதந்திரத்தைச் சீசர்களிடம் இழந்தபோதே உரோமின் தேய்வும் தொடங்கிற்று எனக் கருதினார்.

இவ்வினாவை மேலும் ஆழ்ந்து நோக்கியவர் நிக்கொலோ மக்கியவெல்லி (1469–1527). 1498 முதல் 1512 வரை புளோரன்சுக் குடியரசின் அலுவலராயிருந்த அவர், மெடிச்சிக் குடும்பத்தார் மீண்டும் அதிகாரம் பெற்றதும் பதவியிழந்து, சிறைப்பட்டுச் சித்திரவதையும் உற்றார். அவர் பெயரைக் கேட்டதும் பலர் நினைவிற்கு வருவது 'இளவரசன்' என்னும் சிறு நூலே. ஆயின், குடியரசு பற்றிய அவர்தம் கருத்துக்களை, லிவியின் வரலாற்றிலுள்ள முதற் பத்து நூல்களைத் தழுவி அவர் எழுதிய உரைகளிலேயே விரிவாகக் காணலாம். அந்நூல் அவர் மறைவின்பின் 1531 இல் அச்சேறியது.

உயர்குடியினருக்கும் பொதுமக்களுக்கும் இடையே நிகழ்ந்த பூசல்களே உரோமைக் கெடுத்தன என்பது அக்காலத்தார் பலரின் கொள்கை. மக்கியவெல்லி இதனை மறுத்தார். கி. மு. 494 இல் பொதுமக்கள் நகரைவிட்டு நீங்கியதன் பயனாகவன்றோ அவர்தம் உரிமை காக்கும் திரிபியூன் என்னும் பதவி தோன்றியது? அரசர் துரத்தப்பட்ட காலந் தொட்டுக் கிராக்கசு சகோதரர் காலம் வரை, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக, அப்பூசல்களால் நாடுகடத்தப்பட்டோரும் உயிரிழந்தோரும் மிகச் சிலரே. அவற்றின் விளைவோ நல்ல சட்டங்கள் என்பது அவர் வாதம்.

இசுப்பாட்டாவும் வெனிசும் உள்நாட்டு அமைதியோடு நெடுங்காலம் நிலைத்தவை. ஆயின் இசுப்பாட்டா அந்நியரைக் குடிகளாய் ஏற்கவில்லை. வெனிசு பொதுமக்களைப் போருக்குப் பயன்படுத்தவில்லை. எனவே, விரிந்த ஆட்சியைத் தாங்கும் வலிமை இரண்டிற்கும் இல்லாதொழிந்தது. தீப்சு நகர் கிளர்ந்தெழுந்ததும் இசுப்பாட்டாவின் மேலாண்மை சரிந்தது. 1509 இல் அஞ்ஞதெல்லோ என்னுமிடத்தில் நிகழ்ந்த ஒரே போரில் வெனிசு தன் தரைநிலப் பகுதிகளிற் பெரும்பாலானவற்றை இழந்தது. பின்னர் அவற்றுட் பலவற்றை மீட்டதாயினும், அத்தோல்வி மக்கியவெல்லியின் கண்முன் நிகழ்ந்த பாடமாயிற்று. உரோமோ அந்நியரைக் குடிகளாக்கியது. பொதுமக்களுக்குப் படைக்கலம் அளித்தது. அயலவரை நேசநாட்டினராய்ச் சேர்த்துத் தலைமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. படைக்கலம் ஏந்திய மக்கள் உரிமை கேட்பர். ஆதலின் வலிமையை விரும்பும் அரசு பூசலையும் பொறுத்துக்கொள்ளல் வேண்டும்.

எனினும், இவ்விரிவிற்கு உரோம் கொடுத்த விலையை மக்கியவெல்லி மறைத்தாரல்லர். கி. மு. 327 இல் கொன்சலாயிருந்த பப்பிளிலியசு பிலோ ஒரு நகரை முற்றுகையிட்டிருக்கையில் அவர் பதவிக்காலம் முடிவுற்றது. வெற்றி அண்மையில் இருந்தமையாற் செனற் சபை அவரது படைத்தலைமையை நீடித்தது. நன்மை கருதிச் செய்த இச்செயலே பின்னர் வழக்கமாயிற்று. போர்க்களங்கள் தொலைவிற் சென்றபோது தலைமைக்காலமும் நீண்டது. படைத்தலைமையிற் பயிற்சி பெற்றோர் தொகை சுருங்கியது. படையினர் செனற் சபையை மறந்து தம் தலைவனையே தலைவனாய்க் கொண்டனர். கோல் நாட்டில் நெடுங்காலம் தலைமை வகித்த சீசர் கி. மு. 49 இல் அப்படையோடு தாய்நாட்டின்மேல் வந்தமை இதன் முடிவாகும். நிலச்சட்டம் பற்றிய பூசலும் கிராக்கசு சகோதரர் காலத்திற் குருதி சிந்தும் பகையாய் முற்றியிருந்தது.

மக்கியவெல்லியின் நண்பர் குவிச்சார்தினி இவ்வாராய்ச்சியை முழுதும் ஏற்றாரல்லர். நோய்க்கு நல்ல மருந்து கிடைத்ததென்பதற்காக நோயையே புகழலாமோ என்பது அவர் தடை. உரோமின் உயர்வுக்குப் பூசல் அன்று, படை ஒழுக்கமே காரணம் என்றார். இத்தடை வலிமையுடையதே. ஆயினும், அப்படையில் நின்றோர் அதே பொதுமக்களே என்பதை நாம் மறத்தலாகாது.

மக்கியவெல்லி மறைந்து மூன்றாண்டுகளில், 1530 இல், நீண்ட முற்றுகைக்குப் பின் புளோரன்சுக் குடியரசு வீழ்ந்தது. 1532 இல் மெடிச்சியர் ஒருவர் கோமகனாய் அமர்ந்தார். உரோமின் வரலாறு அவர்க்குப் பழங்கதையாய் இராது, தம் நகரின் வாழ்வு பற்றிய கவலையாய் இருந்தமைக்குக் காரணம் இதனாற் புலப்படும். உரோமை உயர்த்திய விரிவே அதன் சுதந்திரத்திற்கும் கூற்றாயிற்று என்னும் உண்மையின் இருபக்கங்களையும் அவர் ஒருங்கே கண்டார். பேரரசுகளின் வெற்றிகளைக் கற்கும் மாணவர், அவ்வெற்றிக்கெனத் தளர்த்தப்பட்ட சட்டங்கள் யாவை என்றும் உடன் வினவுதல் வேண்டும்.