பலங்கிகாவின் மூன்று மணிகள்

2018 டிசெம்பர் 11 ஆம் திகதி பிலிப்பைன்ஸின் தலைநகர்ப் பகுதியிலுள்ள விமானப்படைத் தளமொன்றில் அமெரிக்க இராணுவ விமானமொன்று தரையிறங்கியது. அதிலிருந்து இறக்கப்பட்டவை பழைய தேவாலய மணிகள் மூன்று. நூற்றுப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர் போர்ப்பொருளாக எடுத்துச் செல்லப்பட்டவை அவை. அவற்றுள் இரண்டு, அமெரிக்காவில் நீண்டகாலம் பொது நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டிருந்தன. யாருடைய நினைவுக்காக என்ற கேள்வியே இம்மணிகளின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

பலங்கிகா, சமார் தீவின் தென்கரையிலுள்ள ஒரு சிற்றூர். ஸ்பானியர் ஆட்சிக்காலத்தில் பிரான்சிஸ்கன் துறவிகள் அங்கு திருப்பணி செய்தனர். மணிகளுள் ஒன்றில் 1889 என்று ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. மூன்றாவது மணி அளவிற் சிறியது. பூசைக்கு அழைப்பதும், இறந்தோருக்காக ஒலிப்பதும், ஆபத்து வருங்கால் ஊரை எழுப்புவதும் இவற்றின் பணியாயிருந்தன.

1898 இல் ஸ்பெயின் அமெரிக்காவிடம் தோற்றது. அவ்வாண்டு டிசெம்பரில் செய்துகொள்ளப்பட்ட பாரிஸ் உடன்படிக்கையின்படி, 20 மில்லியன் டொலருக்குப் பிலிப்பைன்ஸ் கைமாறியது. அந்நாட்டு மக்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. ஸ்பானியரிடமிருந்து விடுதலைக்காகப் போராடிய மக்கள் 1899 பெப்ரவரியில் புதிய எசமானருடன் போரிட நேர்ந்தது.

1901 ஓகஸ்ட் மாதம் அமெரிக்கக் காலாட்படையின் 9 ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த 74 பேர் கொண்ட அணியொன்று பலங்கிகாவுக்கு வந்து முகாமிட்டது. தொடக்கத்தில் ஊராருக்கும் படையினருக்கும் இடையில் பெரும் பகைமை இருக்கவில்லை. பின்னர் ஊரைத் துப்புரவாக்குவதற்கென ஆண்கள் வலிந்து பிடிக்கப்பட்டனர். இரவில் கூடாரங்களுள் நெருக்கியடித்து அடைத்து வைக்கப்பட்டனர். அவர்களது கத்திகளும் அரிசியும் பறிமுதல் செய்யப்பட்டன.

செப்டெம்பர் 28 ஆம் திகதி காலை படையினர் உணவருந்திக்கொண்டிருந்தனர். ஊரின் பொலிஸ் தலைவர் வலேரியானோ அபனடோர், காவலாளி ஒருவனின் துப்பாக்கியைப் பறித்து அவனைத் தாக்கினார். தேவாலய மணி ஒலித்தது. 'போலோ' எனப்படும் நீண்ட வெட்டுக்கத்திகளுடன் ஊரார் நாற்புறமிருந்தும் பாய்ந்தனர். 74 பேரில் 48 பேர் மாண்டனர். தப்பியோரிலும் பெரும்பாலானோர் காயப்பட்டிருந்தனர். ஊரார் தரப்பிலும் பலர் உயிரிழந்தனர்.

இதற்கான பழிவாங்கல் ஓர் ஊருடன் நிற்கவில்லை. சமாரின் உட்பகுதியை ஊளையிடும் பாழ்நிலமாக்குமாறு ஜெனரல் ஜேக்கப் ஸ்மித் கட்டளையிட்டார். ஆயுதம் ஏந்தக்கூடியவர் எவரையும் கொல்லவேண்டும் என்றார். எந்த வயது வரை என அவரது கீழதிகாரி கேட்டபோது, பத்து வயது எனப் பதில் வந்தது. வீடுகள் எரிக்கப்பட்டன, உணவு அழிக்கப்பட்டது, மக்கள் கொல்லப்பட்டனர். மாண்டோரின் தொகை பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்தொற்றுமை இல்லை. கொல்லப்பட்ட 48 படையினரையும் கணக்கிட்டு வைத்தவர்கள், சமாரின் மக்களைக் கணக்கிடவில்லை. 1902 இல் ஸ்மித் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். கண்டனமும் கட்டாய ஓய்வுமே அவர் பெற்ற தண்டனை.

மணிகளும் சிறைப்பட்டன. பின்னர் அங்கு சென்ற 11 ஆவது படைப்பிரிவு பெரிய மணிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு, 1904 இல் வயோமிங் மாநிலத்தின் செயென் நகரிலிருந்த தன் கோட்டைக்குக் கொண்டு சென்றது. அக்கோட்டையே இன்றைய வொரன் விமானப்படைத் தளம். சிறிய மணி 9 ஆவது படைப்பிரிவுடன் சென்று, இறுதியில் தென்கொரியாவிலுள்ள அமெரிக்க முகாமொன்றை அடைந்தது. செயெனில் மணிகள் செங்கற் சுவரொன்றில் பதித்தாற்போல் காட்சிக்கு வைக்கப்பட்டன. வீழ்ந்த படைவீரரின் நினைவு அங்கே போற்றப்பட்டது. சமாரின் குழந்தைகளை நினைவுகூர அச்சுவரில் இடமிருக்கவில்லை.

1990 களில் ஜனாதிபதி பிடல் ராமோஸின் அரசாங்கம் மணிகளைத் திருப்பிக் கேட்டது. பிரதிகள் வார்த்து, ஒவ்வொரு நாடும் ஓர் அசலையும் ஒரு பிரதியையும் வைத்திருக்கலாம் என்ற யோசனையும் முன்வைக்கப்பட்டது. வயோமிங்கின் முன்னாள் படைவீரர்களும் அரசியல்வாதிகளும் அதனை எதிர்த்தனர். உறக்கத்தினின்று எழுந்து உணவுண்ண அமர்ந்த வேளையில் வெட்டப்பட்ட இளைஞர்களின் நினைவை அகற்றுவதா என அவர்கள் கேட்டனர். அக்கேள்வியை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. மாண்டவர்களும் தாய்மார் பெற்ற பிள்ளைகளே. ஆயின், அவர்களை நினைவுகூர இன்னோர் ஊரின் மணி எதற்கு என்பதே பலங்கிகா மக்களின் கேள்வியாயிருந்தது.

காலம் செல்ல முன்னாள் படைவீரர்களில் ஒரு சாராரே மணிகளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் எனக் கூறத் தொடங்கினர். 2017 ஜூலையில் ஜனாதிபதி டுட்டேர்ட்டே தமது நாடாளுமன்ற உரையில் பகிரங்கமாக இக்கோரிக்கையை எழுப்பினார். சட்டத்தடை நீங்கியபின், 2018 நவம்பரில் செயெனில் நடந்த வைபவத்தில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் ஜேம்ஸ் மற்றிஸ் மணிகளைத் திருப்பி அனுப்புவதாக அறிவித்தார். டிசெம்பர் 15 ஆம் திகதி அவை பலங்கிகாவில் ஒப்படைக்கப்பட்டன. நத்தாருக்கு முந்திய விடியற்காலைப் பூசைகள் மறுநாள் தொடங்கியபோது மணிகளும் மீண்டும் பணிக்கு வந்தன.

மாணவருக்கு வரலாறு கற்பிக்கும் எம்போன்றோர் இதில் எண்ணிப்பார்க்க வேண்டியதொன்று உண்டு. நினைவுச்சின்னம் ஒன்றைக் காணும்போது அதில் எழுதியிருப்பதை வாசிக்கப் பிள்ளைகளைப் பழக்குகிறோம். அதில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது எனக் கேட்கவும் பழக்கவேண்டும். செயெனின் சுவரை மட்டும் வாசித்த ஒருவர் 1901 செப்டெம்பர் 28 இன் காலைப்பொழுதை மட்டுமே அறிந்திருப்பார். அதற்கு முந்திய வாரங்களும் பிந்திய மாதங்களும் அவருக்குத் தெரிந்திரா.

பலங்கிகாவில் ஆண்டுதோறும் செப்டெம்பர் 28 நினைவுகூரப்படுகிறது. மணிகள் திரும்பியதனால் மாண்டவர் எவரும் மீளவில்லை. எனினும், இறந்தோருக்காக ஒலிப்பதும் தேவாலய மணியின் பணிதானே. சமாரின் மக்களுக்காகவும், அன்று காலை மாண்ட அந்நிய நாட்டு இளைஞர்களுக்காகவும் இப்போது அவை ஒலிக்கலாம்.