காமிராவுக்குள் ஒரு கண்ணாடி



நம் தோட்டத்து வீடுகளில் மாலை போட்டு மாட்டியிருக்கும் தாத்தாவின் படத்தைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். பல வீடுகளில் அது ஒரு சிறிய படத்தைப் பெரிதாக்கியதாக இருக்கும். முகம் நேராக இருக்கும். சிரிப்பு இராது. அந்தச் சிறிய படம் எங்கே கிடைத்தது என்று கேட்டால், "ஐ.சி.யில் இருந்தது" என்பார்கள்.

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அதையொட்டி, 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் தங்களைப் பதிந்துகொண்டு, நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டையை வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. பால்வெட்டுக்குப் போனவர்களும் புல்வெட்டுக்குப் போனவர்களும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பலருக்குக் காமிராவின் முன்னே நிற்பது அதுவே முதல் தடவை. சிலருக்கு அதுவே கடைசித் தடவையும் ஆயிற்று.

அதற்கு முன் நம்மவரை யாரும் படமெடுக்கவில்லை என்பதில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த ஜி. ஆர். லாம்பெர்ட் என்பவர் 1867-இல் சிங்கப்பூரில் நிழற்பட நிலையம் ஒன்றைத் திறந்தார். அவருடைய நிலையமும் அது போன்ற பிற நிலையங்களும் இந்நாட்டு மக்களைப் படமெடுத்து ஆல்பங்களாகவும் அஞ்சல் அட்டைகளாகவும் விற்றன. அந்த அட்டைகளில் பெரும்பாலும் ஆளின் பெயர் இராது. 'தமிழ்ப் பெண்' என்பது போல இனத்தின் பெயர் மட்டுமே இருக்கும். படத்தை வாங்கியவர் கடல் கடந்து போனார். படத்தில் நின்ற அம்மாளுக்கு அதன் பிரதி ஒன்று கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

காமிராவின் பின்னால் நாமே நிற்பது பற்றித்தான் இன்று பேசுகிறோம். எங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள பழைய லயங்கள் இடிபடப் போகின்றன என்ற செய்தி வந்தபோது, அவற்றையும் அங்கே மிஞ்சியிருக்கும் முதியவர்களையும் படமெடுத்து வைக்க வேண்டும் என்று ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடி முடிவு செய்தோம். அதற்காக டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிரா ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினோம். கைத்தொலைபேசியிலேயே காமிரா இருக்கிறதே, இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கூட்டத்திலும் அப்படிக் கேட்டார்கள். பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் நிற்பவரை எடுக்கக் கைத்தொலைபேசி போதும். மங்கிய வீட்டுக்குள் ஒரு கிழவியின் முகத்தையும், தூரத்து மேடையில் ஆடும் பிள்ளையையும் எடுக்கும்போது பெரிய லென்சும் பெரிய ஒளியுணர் தகடும் உள்ள கருவிக்குத் தனி வலிமை உண்டு. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால், கடையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தானாகவே விளங்கும்.

எஸ்.எல்.ஆர். என்ற பெயரின் பொருள், ஒரே லென்ஸ், அதன் பிம்பத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடி என்பதுதான். மற்றப் பல காமிராக்களில் கண் பார்ப்பதற்கு ஒரு துவாரமும் படம் பிடிப்பதற்கு ஒரு லென்சும் தனித்தனியே இருந்தன. நாம் பார்த்தது ஒன்று, படத்தில் விழுந்தது வேறொன்று. கிட்டத்தில் நிற்பவரின் தலை வெட்டுப்பட்டுப் போனதும் இதனால்தான். எஸ்.எல்.ஆரில் லென்சுக்குப் பின்னே 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி நிற்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே மடிகிறது. திரை திறந்து ஒளி உள்ளே விழுகிறது. கண்ணாடி மீண்டும் இறங்குகிறது. 'கிளக்' என்று நாம் கேட்கும் ஓசையின் பெரும்பகுதி அந்தக் கண்ணாடியின் ஓசை. லென்ஸ் காண்பதையே நாமும் காண்கிறோம். மற்றதெல்லாம் பிறகு வந்த வசதிகள்.

இந்த ஏற்பாட்டுக்குத் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேயர் 1861-இலேயே காப்புரிமை பெற்றார். ஆனால், சிறிய 35 மில்லிமீட்டர் பிலிம் சுருளைப் போட்டு எடுக்கும் எக்சாக்டா என்ற எஸ்.எல்.ஆர். 1936-இல்தான் வந்தது. அதைச் செய்த ஊர், லாம்பெர்ட் புறப்பட்டு வந்த அதே டிரெஸ்டன். அதை மார்பளவில் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். பிம்பம் இடவலம் மாறித் தெரியும். 1949-இல் அதே ஊரில் வெளிவந்த காண்டாக்ஸ் எஸ் என்ற காமிராவின் தலையில் ஐங்கோண வடிவப் பட்டகம் ஒன்றைப் பொருத்தினார்கள். கண்ணெதிரே பிடித்து, நேரான பிம்பத்தைப் பார்ப்பது அதன்பின் எளிதாயிற்று.

இன்னொரு தொல்லை மிச்சமிருந்தது. அக்காலத்துக் காமிராக்களில் ஒரு படம் எடுத்ததும் கண்ணாடி மேலேயே நின்றுவிடும். அடுத்த படத்துக்குச் சுருளைச் சுற்றும்வரை கண்ணில் இருட்டுத்தான். ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1954-இல் கண்ணாடி உடனே கீழிறங்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 1959-இல் நிக்கான் எஃப் வெளியானது. அத்துடன் இத்தொழிலின் தலைமை ஜெர்மனியிலிருந்து ஜப்பானுக்கு நகர்ந்தது எனலாம்.

நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் காமிரா என்றால் பிலிம்தான். ஒரு சுருளில் 36 படம். திருமண வீட்டில் படமெடுப்பவர், "இன்னும் நாலுதான் இருக்கு" என்று சொன்னால், மாமன் வரிசையில் யாரை விடுவது என்று வாக்குவாதமே நடக்கும். கழுவிப் பார்த்தபின் பாதி மங்கல் என்று தெரிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பிலிமுக்கு மாற்று 1969-இல் பிறந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும், ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேர்த்துப் படிக்கும் சில்லுக்கு வழி கண்டார்கள். 2009-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1975-இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன், அத்தகைய சில்லைக் கொண்டு ஒரு காமிராவைச் செய்தார். சுமார் மூன்றரைக் கிலோ எடை. ஒரு படத்தைச் சாதாரண ஒலிநாடாவில் பதிய 23 வினாடி. அகலத்தில் 100, உயரத்தில் 100 என்று பத்தாயிரம் புள்ளிகள் மட்டுமே கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் அது.

1991-இல் கோடாக், நிக்கான் எஃப்3 காமிராவின் உடலில் டிஜிட்டல் தகட்டைப் பொருத்தி விற்பனைக்கு விட்டது. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியே மாட்டிக்கொள்ள வேண்டும். 13 இலட்சம் புள்ளிகள். விலையோ 20,000 அமெரிக்க டாலரை எட்டியது. செய்தி நிறுவனங்களைத் தவிர யார் வாங்குவார்கள்? 1999-இல் நிக்கான் டி1 ஆறாயிரம் டாலருக்கும் குறைவாக வந்தது. 2003-இல் 63 இலட்சம் புள்ளிகள் கொண்ட கெனன் 300டி ஆயிரம் டாலருக்கும் குறைவாக வந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில் இத்தனை சரிவு. டிஜிட்டல் யுகத்தின் முதல் காமிராவைச் செய்த கோடாக் நிறுவனமே 2012-இல் திவால் பாதுகாப்புக் கோரியது ஒரு வேடிக்கையான சோகம்.

இப்போது அந்தக் கண்ணாடியின் காலமும் சாய்ந்துவிட்டது. 2008-இல் பானசோனிக் ஜி1 கண்ணாடியே இல்லாமல் வந்தது. தகடு காண்பதைச் சிறு மின்திரையில் காட்டியது. 2018-இல் நிக்கானும் கெனனும் பெரிய தகடு கொண்ட கண்ணாடியில்லாக் காமிராக்களை வெளியிட்டன. வசதி உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகிறார்கள். அவர்கள் விட்டுச்செல்லும் எஸ்.எல்.ஆர்.கள் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கின்றன. நமக்கு வாய்ப்பு வந்திருப்பது அங்கேதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தைச் சொல்கிறோம். மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் புள்ளி. ஆறு மெகாபிக்சல் படத்தைப் பத்து அங்குல நீளத்துக்குத் தெளிவாக அச்சிடலாம். நாம் கடையில் போடும் ஃபோர் ஆர் படத்துக்கு அதுவே மிகுதி. உடலில் மிச்சம் பிடித்து லென்சுக்குச் செலவிடுங்கள். உடலோடு சேர்த்துத் தரும் 18–55 லென்ஸ் பழகுவதற்கு நல்லது. அதற்கடுத்து 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்குங்கள்; விலை மலிவு. எஃப் எண் குறையக் குறைய வாய் அகலம் என்று நினைவில் வையுங்கள். முதல் லென்ஸ் 55-இல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஒன்று கவனம்: நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் காமிராக்களின் உடலுக்குள் குவியம் சரிசெய்யும் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் போன்ற, மோட்டார் தன்னிடமே உள்ள லென்சைக் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய லென்சை டார்ச் விளக்கு வெளிச்சத்தில் ஊடுருவிப் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. நம் நாட்டு ஈரக்காற்று காமிராவுக்கு ஆகாது. மழைக்காலத்து ரப்பர்த் தோட்டமோ சொல்லவே வேண்டாம். தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பதுதான் பெரிய தவறு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறோம். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்றும் விற்பவரிடம் கேளுங்கள். தொடக்கநிலைக் காமிராவின் ஷட்டருக்கு இலட்சம் முறை என்பது பொதுவான கணக்கு.

இனிக் கையாளும் விதம். லயத்துக் குழாயடியில் வாளி நிரப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை அகலத் திறந்தால் சீக்கிரம் நிரம்பும். கொஞ்சமாகத் திறந்தால் நேரமாகும். லென்சின் வாய்தான் குழாய். ஷட்டர் திறந்திருக்கும் நேரம்தான் வாளி பிடிக்கும் நேரம். ஓடும் பிள்ளையை அசையாமல் நிறுத்த 500-இல் ஒரு பங்கு வினாடி வேண்டும். அசையாமல் நிற்பவருக்கு 60-இல் ஒரு பங்கு போதலாம், நம் கை நடுங்காவிட்டால். மூன்றாவது ஐ.எஸ்.ஓ. இது வானொலியின் ஒலிக் குமிழ் மாதிரி. தூரத்து நிலையம் மெலிதாகக் கேட்டால் குமிழைத் திருகுகிறோம். பேச்சோடு இரைச்சலும் கூடுகிறது. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் இருட்டிலும் படம் விழும், ஆனால் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். மங்கலான படத்தைவிட இரைச்சல் படம் மேல் என்பது எங்கள் கட்சி.

முதல் நாள் நாங்கள் எடுத்த படங்களில் ஒரு குறை எல்லாவற்றிலும் இருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவரின் முன் முதியவர்களை நிறுத்தி எடுத்தோம். சுவர் அழகாக விழுந்தது. முகங்கள் கறுத்துப் போயின. 'நம்ம நிறம் அப்படித்தான்' என்று ஒருவர் சிரித்தார். நிறத்தின் குறையல்ல அது. காமிராவின் ஒளிமானி காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக் கணக்கிடுகிறது. வெள்ளைச் சுவர் பெரும்பகுதியாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று முடிவு செய்து படத்தை இருட்டாக்குகிறது. வெகுகாலம் வண்ணப்படக் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த அட்டையில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர். கருமுகங்களை மனத்தில் வைத்து அந்தக் கணக்கு போடப்படவில்லை. பழைய குழுப் படங்களில் நம்மவர் கண்ணும் பல்லுமாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் கணக்கைத் திருத்தும் பொத்தான் நம் கையில் இருக்கிறது. கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தான் அது. பின்னால் சுவரோ வானமோ வெளுத்திருந்தால் கூட்டல் ஒன்று வையுங்கள். கரிய முகமே சட்டத்தை நிறைத்தால் காமிரா தப்பாக வெளுக்கப் பார்க்கும்; அப்போது கொஞ்சம் கழியுங்கள். அதைவிட எளிய வழி, ஆளை வெயிலில் நிறுத்தாமல் அஞ்சடியின் நிழலில், வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார வைப்பது. மறு வாரம் அப்படித்தான் எடுத்தோம். முகச் சுருக்கம், காதுத் துளை, நெற்றித் திருநீறு எல்லாம் விழுந்தன.

காமிராவின் தேதியை முதலில் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு படத்தோடும் அது பதிவாகிறது. பெயர் பதிவாகாது. அதற்காக ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கூடவே வந்தார்கள். தொண்ணூறைத் தாண்டிய பாட்டி ஒருவர் பெயரைச் சொன்னார், தகப்பன் பெயரைச் சொன்னார், பிறகு பெருவிரலை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"எதுக்குப் பாட்டி?" என்று பையன் கேட்டான்.

"ரேகை வைக்க வேணாமா, ஐயா?"