கரையை விட்டுப் பெயராத குடிகள்

முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்ற தூத்துக்குடிக் கடற்கரையில், பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒரு குடியிருப்பையே வேறிடத்துக்குப் பெயர்க்கும் திட்டம் நம் காலத்தில் தோன்றிய ஒன்றன்று. அத்தகைய திட்டங்களை வகுத்தோர் நூற்றாண்டுதோறும் மாறினர் என்றாலும், கரைவாழ் மக்கள் அவற்றை ஏற்கத் தயங்கியதற்கான காரணம் பெரிதும் மாறாதிருந்தது.

1530களின் நடுவில் பெருந்தொகையாகக் கிறித்தவம் தழுவி, போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய, இக்கரையின் கடல்தொழில் குடிகளான பரவர்கள், அதன் பின்னரும் உள்நாட்டு அரசுகளின் வரிக்கும் வடுகர் படைகளின் தாக்குதலுக்கும் உள்ளாகிக்கொண்டே இருந்தனர். வடுகர் என்பது விஜயநகர, நாயக்கர் படைகளில் இருந்த தெலுங்கரை அக்காலத் தமிழர் குறித்த சொல்லாகும். 1560இல் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்த போர்த்துக்கீசிய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகான்சா, மன்னார்த் தீவைக் கைப்பற்றி அங்கே கோட்டை அமைத்தபோது, முத்துக்குளித்துறையிலுள்ள புன்னைக்காயலின் பரவர்களை அத்தீவில் குடியேற்றும் முயற்சியும் உடன் தொடங்கியது. வடுகரின் கை எட்டாத இடம் என்பது வெளிப்படையாகக் கூறப்பட்ட காரணம். முத்துச் சலாபத்தின் வருவாயை, அதாவது குறிப்பிட்ட பருவத்தில் அரசின் மேற்பார்வையில் நடைபெறும் முத்துக்குளிப்பின் வருவாயை, ஒரே கோட்டையின் கண்காணிப்பில் கொண்டுவருவதும் அதற்கிணையான காரணமாக இருந்தது. எனினும் பரவர் வாழ்வின் நடுவிடமாக மன்னார் மாறவில்லை. அந்நூற்றாண்டு முடிவதற்குள் இந்தியக் கரையிலிருந்த தூத்துக்குடியே தலைமை ஊராக உயர்ந்தது.

அரை நூற்றாண்டுக்குள் அதே எண்ணம் வேறொரு வடிவில் திரும்பி வந்தது. மதுரை நாயக்கரின் படை தூத்துக்குடியைத் தாக்கியதைத் தொடர்ந்து, 1604ஆம் ஆண்டளவில் சேசு சபைக் குருமார் மக்களை ஊருக்கு எதிரே உள்ள முயல் தீவுக்கு அழைத்துச் சென்று அங்கே புதிய ஊர் ஒன்றை நிறுவ முயன்றனர். கொச்சி ஆயருக்கும் அக்குருமாருக்கும் இடையே மூண்ட பூசலில் அக்குடியேற்றமும் சிக்கியது; ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் அது கலைந்து, மக்கள் மீண்டும் தூத்துக்குடிக் கரைக்கே வந்து சேர்ந்தனர்.

இவ்விரு முயற்சிகளும் நிலைக்காமற் போனதற்குச் சமயத் தலைவர்களின் பூசலையோ அரசியல் மாற்றத்தையோ மட்டும் காரணமாகக் கொள்வது போதாது. கடலில் தொழில் செய்தாலும், பரவர்கள் அரிசிக்கும் மரத்துக்கும் சந்தைக்கும் தாமிரபரணி பாயும் உள்நாட்டையே சார்ந்திருந்தனர். ஊர்தோறும் வரி திரட்டி வழக்குத் தீர்த்த பட்டங்கட்டிகளும், அவர்கள் அனைவருக்கும் மேலாகத் தூத்துக்குடியில் அமர்ந்த சாதித் தலைவனும், அந்நிலத்து அரசருடனும் கடல் கடந்து வந்த வணிகருடனும் ஒருசேரப் பேசக்கூடிய இடத்தில் இருந்ததாலேயே வலிமை பெற்றனர். தீவு அவர்களுக்குப் பகைவரிடமிருந்து காப்பளித்திருக்கலாம். ஆனால் பிழைப்பை அளித்த நிலத்திலிருந்தும் அது அவர்களைத் துண்டித்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், குடிகளைக் கரையிலிருந்து பெயர்ப்பதா என்ற இதே வினா தமிழகக் கடற்கரை முழுவதற்கும் உரியதாயிற்று. 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கரைகளில் உயர் ஓத எல்லையிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டடங்களைத் தடுத்து, அதற்கப்பால் 500 மீட்டர் வரை 9 மீட்டர் உயரத்துக்கும் இரண்டு தளங்களுக்கும் மிகாத கட்டடங்களையே ஏற்றிருந்தது. உயர் ஓத எல்லை என்பது கடல் நீர் பெருகும்போது ஏறி வந்து தொடும் கோடு. அவ்வறிவிக்கையைத் தழுவி 2005 மார்ச் 30 அன்று தமிழக அரசு வெளியிட்ட 172ஆம் எண் அரசாணை, 200 மீட்டருக்குள் வீடு சிதைந்தோர் அவ்வெல்லைக்கு அப்பால் செல்ல இசைந்தால் 1,50,000 ரூபாய் மதிப்புள்ள புதிய வீட்டை இலவசமாகப் பெறலாம் என்றும், இசையாதோர் தம் செலவில் பழுதுபார்த்துக்கொண்டு பழைய இடத்திலேயே இருக்கலாம், ஆனால் அரசின் உதவியைப் பெற இயலாது என்றும் வகுத்தது. புதிய வீட்டைப் பெறுவோர் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையே மீனவரிடையே மிகுந்த ஐயத்தை எழுப்பியது. தாம் விட்டுச்செல்லும் கரை நாளை விடுதிகளுக்கும் துறைமுகங்களுக்கும் போய்ச் சேரும் என்ற அவர்களது அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது பெரும் பிழையாகும்.

கரையோர வீட்டுக்கு மாற்றாக அடுக்குமாடி வீடு முன்வைக்கப்படும் இடங்களில் இடம்பெயரத் தயங்கும் இம்மனநிலை மேலும் கூர்மை பெறுகிறது. வலையை விரித்து உலர்த்தவும், கிழிந்த கண்ணிகளைக் கோத்துச் சீராக்கவும், கருவாடு காயவைக்கவும், காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துக் கடலுக்குப் போகலாமா என்று முடிவு செய்யவும் வீட்டு வாசலும் மணலும் தேவைப்படுகின்றன. இதில் முதியோரின் நிலை தனித்துக் கருதத்தக்கது. கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட முதிய மீனவர் கரையில் அமர்ந்து வலை முடைகிறார், வானம் பார்த்து இளையோருக்கு எச்சரிக்கை சொல்கிறார், கரையேறும் மீனின் விலையில் தலையிடுகிறார். முதிய பெண்கள் மீனைத் தரம் பிரித்துக் கூடையில் எடுத்துச் செல்கின்றனர். இத்தகைய முதியவரை மூன்றாம் மாடிக்கு அனுப்பும்போது, மழை ஒழுகாத கூரை ஒன்று அவருக்குக் கிடைக்கிறது. ஆனால் முழங்கால் படியேறி இறங்க இடம்தராததால், அவர் நாள்தோறும் செய்துவந்த வேலை கீழே மணலிலேயே நின்றுவிடுகிறது.